சத்தம் போடாத பிழைகள்

நான்கு மாணவர்களின் மதிப்பெண்கள் ஒரு கோப்பில் இருக்கின்றன: 100, 35, 98, 7. அவற்றைப் படித்து, அதிக மதிப்பெண் முதலில் வரும்படி அடுக்க ஒரு மாணவர் சின்ன பைதான் நிரல் ஒன்றை எழுதுகிறார். நொடியில் விடை வருகிறது: 98, 7, 35, 100. ஏழு வாங்கியவருக்கு இரண்டாம் இடம். சென்டம் வாங்கியவர் கடைசி. திரையில் சிவப்பு எழுத்து இல்லை, எச்சரிக்கை இல்லை. கணினியைப் பொறுத்தவரை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்திருக்கிறது. கோப்பிலிருந்து வந்தவை எண்கள் அல்ல, எண்களைப் போலத் தோற்றமளிக்கும் எழுத்துகள். எழுத்துகளை அகராதி முறையில் பின்னிருந்து அடுக்கினால் 9-இல் தொடங்குவது முதலிலும் 1-இல் தொடங்குவது கடைசியிலும்தான் வரும்.

பக்கத்து இருக்கையில் இருக்கும் மாணவர் பிரின்ட் கட்டளைக்கு அடைப்புக்குறி போட மறக்கிறார். நிரல் அங்கேயே நின்றுவிடுகிறது. எந்த வரி, என்ன குறை, எப்படித் திருத்தலாம் என்று மூன்றையும் சொல்லிவிட்டுத்தான் நிற்கிறது. முதலாமவர் வேலை முடிந்ததென்று கணினியை அணைத்துவிட்டுப் போகிறார். இரண்டாமவர் தனக்கு இதெல்லாம் வராது என்று சோர்ந்து உட்காருகிறார். உண்மையில் சிக்கலில் இருப்பவர் முதலாமவர். ஆனால் தொடக்கநிலையாளர்களுக்கான கையேடுகளில் பெரும்பகுதி இரண்டாமவருக்காகவே எழுதப்படுகிறது.

இப்படிச் சத்தமில்லாமல் தவறு நடப்பதற்கு ஸ்கிரிப்ட் மொழிகளின் பிறவிக்குணமும் ஒரு காரணம். சி++ போன்ற மொழியில் நிரல் ஓடுவதற்கு முன்பே கம்பைலர் முழுவதையும் படித்துப் பார்க்கும். எண் வர வேண்டிய இடத்தில் சரம், அதாவது எழுத்துகளின் தொடர், வந்தால் ஓடவே விடாது. பெர்ல் (1987), பைதான் (1991), ஜாவாஸ்கிரிப்ட் (1995) ஆகியவை அந்த முன்சோதனையை வேண்டுமென்றே கைவிட்டவை. டிசிஎல் மொழியை உருவாக்கிய ஜான் ஔஸ்டர்ஹவுட் 1998-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை ஒன்றில் இதை ஒரு பலமாகவே முன்வைத்தார்: ஏற்கெனவே இருக்கும் பாகங்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்க வேண்டுமென்றால் வகை அறிவிப்புகளின் கெடுபிடி இல்லாமல் இருப்பதே வேகம் தரும் என்பது அவருடைய வாதம். வாதம் சரிதான். அந்த வேகத்துக்கான விலையைக் கொடுப்பவர்தான் புதிதாகக் கற்றுக்கொள்பவர்.

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். மேல்நிலைக் கணினி அறிவியலில் பதினொன்றாம் வகுப்பில் சி++, பன்னிரண்டில் பைதான். ஓராண்டு முழுக்கக் கம்பைலரிடம் திட்டு வாங்கிப் பழகிய மாணவருக்கு, எதையும் கேட்காமல் ஓடும் பைதான் முதலில் விடுதலையாகத் தோன்றும். அறிவிப்பு வேண்டாம், அரைப்புள்ளி வேண்டாம், நெளிவு அடைப்புக்குறி வேண்டாம். ஆனால் கம்பைலர் அதுவரை செய்துவந்த காவல் வேலை இனி தன் தலையில் என்பதை யாரும் அவருக்குச் சொல்வதில்லை.

இந்தக் குடும்பத்தில் பைதான் ஓரளவு கண்டிப்பானது என்பதையும் சொல்ல வேண்டும். கைடோ வான் ரோசம் 1989 டிசம்பரில் ஆம்ஸ்டர்டாமிலுள்ள கணித, கணினியியல் ஆய்வு நிலையத்தில் இதை எழுதத் தொடங்கினார். அதற்கு முன் அதே நிலையத்தில், நிரலாளர் அல்லாதவர்களும் கற்கும்படி வடிவமைக்கப்பட்ட ஏபிசி என்ற மொழியில் வேலை செய்தவர் அவர். அந்தப் பழக்கம் பைதானிலும் தெரிகிறது. '5' என்ற சரத்தையும் 3 என்ற எண்ணையும் கூட்டச் சொன்னால் பைதான் மறுத்துவிடும். ஜாவாஸ்கிரிப்ட் மறுக்காது: கூட்டினால் 53 என்ற சரம் கிடைக்கும், கழித்தால் 2 என்ற எண் கிடைக்கும். அது மட்டுமல்ல, உண்மையான எண்களையே கொடுத்து வரிசைப்படுத்தச் சொன்னாலும் ஜாவாஸ்கிரிப்ட் அவற்றைச் சரமாக மாற்றித்தான் ஒப்பிடும். மேலே சொன்ன மதிப்பெண் குளறுபடி அங்கே மொழியின் இயல்பான நடத்தை.

நிரல் கற்பது கடினமா, கற்பிக்கும் முறை தவறா என்ற கேள்வி கல்வியாளர்களிடையே பழையது. 2001-இல் மைக்கேல் மெக்ராக்கன் தலைமையில் ஓர் ஆய்வுக் குழு பல பல்கலைக்கழகங்களில் முதல் நிரல் பாடத்தை முடித்த 216 மாணவர்களிடம் ஒரே வகையான கணக்குகளைக் கொடுத்துப் பார்த்தது. 110-க்குச் சராசரி 22.89. பலராலும் ஓடக்கூடிய நிரலையே எழுத முடியவில்லை. பின்னர் 2007-இல் பென்னட்சனும் காஸ்பர்சனும் செய்த கணக்கெடுப்பு, உலக அளவில் முதல் நிரல் பாடத்தில் மூன்றில் ஒருவர் தேறுவதில்லை என்றது. 2019-இல் அவர்களே மீண்டும் பார்த்தபோது அது 28 விழுக்காடாகக் குறைந்திருந்தது.

ஆசிரியர்களுக்கே பிழைகள் சரியாகத் தெரிவதில்லை என்பது இன்னொரு சுவையான முடிவு. 2014-இல் நீல் பிரவுனும் அம்ஜத் அல்டாட்மரியும் ஜாவா கற்கும் மாணவர்களின் பெருந்தரவைத் திரட்டி, எந்தப் பிழை அதிகம் நிகழ்கிறது என்று பார்த்தார்கள். அதே பிழைகளைத் தரவரிசைப்படுத்தும்படி ஆசிரியர்களிடமும் கேட்டார்கள். ஆசிரியர்களின் பட்டியல் தரவோடும் பொருந்தவில்லை, ஒருவர் பட்டியல் மற்றவருடையதோடும் பொருந்தவில்லை. ஜாவா ஒரு ஸ்கிரிப்ட் மொழி அல்ல; ஆனாலும் இந்த முடிவைப் பைதான் வகுப்பறைக்குள் கொண்டுவருவதில் தவறில்லை.

இவற்றுக்கெல்லாம் முன்பே, 1986-இல், ராய் பீ என்ற கல்வி உளவியலாளர் ஒரு நல்ல விளக்கம் தந்திருந்தார். மொழி எதுவானாலும் புதியவர்களின் பிழைகளுக்கு அடியில் ஒரே நம்பிக்கை இருக்கிறது. இயந்திரத்துக்குள் நம் மனத்தைப் புரிந்துகொள்ளும் ஒரு மனம் ஒளிந்திருக்கிறது என்ற நம்பிக்கை. மதிப்பெண் என்று பெயர் வைத்தால் அது எண் என்று கணினிக்குத் தெரிந்துவிடும் என எண்ணுவதும், மொத்தம் = அ + ஆ என்று எழுதிவிட்டு, பிறகு அ-வின் மதிப்பை மாற்றினால் மொத்தமும் தானாக மாறும் என்று காத்திருப்பதும் இந்த வகைதான். எக்செலில் அப்படித்தான் மாறும் என்பதால், அங்கிருந்து வருபவர்களை இது நிச்சயம் தடுக்கி விழவைக்கும்.

முதல் தடை நிரலில்கூட இல்லை, நிறுவுவதில் இருக்கிறது. விண்டோஸில் பைதானை நிறுவும்போது பாத் அமைப்பில் சேர்க்கும் கட்டம் இயல்பாகத் தேர்வாகாமல் இருக்கும். அதைக் கவனிக்காமல் போனால் கட்டளைச் சாளரம் பைதானைத் தெரியாதென்று சொல்லும், அல்லது மைக்ரோசாஃப்ட் ஸ்டோரைத் திறந்து காட்டும். நிறுவும் பெயரும் அழைக்கும் பெயரும் வேறுபடுவது அடுத்த தொல்லை: நிரலில் பில் என்று அழைக்கப்படும் படக் கருவியை நிறுவும்போது பில்லோ என்று கேட்க வேண்டும். ஓரெழுத்து மாறிய பெயர்களில் தீம்பொருளைப் பதிவேற்றி வைப்பவர்களும் உண்டென்பதால், இங்கே குத்துமதிப்பாகத் தட்டச்சு செய்வது நல்லதல்ல. டெபியன் லினக்ஸில், 2023-இல் வந்த 12-ஆம் பதிப்பு முதல், கணினியின் சொந்தப் பைதானில் பிப் என்ற நிறுவும் கருவி மூலம் எதையும் நேரடியாக நிறுவ முடியாது. ஒவ்வொரு வேலைக்கும் தனி மெய்நிகர் சூழலை உருவாக்கச் சொல்லும். எரிச்சலூட்டினாலும் அது சரியான கண்டிப்பு.

சத்தம் போடும் பிழைகளுக்கு வருவோம். பைதான் நின்றுபோகும்போது அச்சிடும் நீளமான அறிக்கையை மேலிருந்து படிப்பதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. மிக அண்மையில் நடந்தது கடைசியில் இருக்கிறது என்று அதன் முதல் வரியே சொல்கிறது. அதைத்தான் யாரும் படிப்பதில்லை. கடைசி வரியில் பிழையின் வகையும் காரணமும் இருக்கும். அதற்கு மேலே வரி எண் இருக்கும். இன்னும் மேலே போகப் போக, அந்த இடத்துக்கு நிரல் எந்த வழியாக வந்தது என்ற கதை. கீழிருந்து மேலே படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஆங்கிலம் தடையாக இருப்பவர்களுக்கும் இதில் ஓர் ஆறுதல் உண்டு: வகுப்பறையில் அடிக்கடி எதிர்ப்படும் பிழை வகைகள் பத்துப் பதினைந்துக்கு மேல் இல்லை. நேம் எரர் என்றால் அந்தப் பெயரில் எதுவும் இல்லை, டைப் எரர் என்றால் வகை பொருந்தவில்லை, இன்டெக்ஸ் எரர் என்றால் பட்டியலின் எல்லையைத் தாண்டியாகிவிட்டது. ஒரு பக்கத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடலாம்.

இந்த அறிக்கைகள் முன்பெல்லாம் இவ்வளவு உதவியாக இருக்கவில்லை. அடைப்புக்குறியை மூட மறந்தால் பைதான் அடுத்த வரியைச் சுட்டிக்காட்டி, தொடரியல் தவறு என்று மட்டும் சொல்லும். குற்றமற்ற அந்த வரியை மாணவர் அரை மணி நேரம் முறைத்துப் பார்ப்பார். 2020-இல் வந்த 3.9 பதிப்பில் மொழியின் பாகுபடுத்தி மாற்றி எழுதப்பட்டது. அதைப் பயன்படுத்திக்கொண்டு 2021 அக்டோபரில் வந்த 3.10, மூடப்படாத அடைப்புக்குறி எது என்று நேரடியாகச் சொல்லத் தொடங்கியது. முக்காற்புள்ளி விட்டுப்போனதையும், பெயரில் எழுத்துப்பிழை இருந்தால் இதையா சொல்ல வந்தீர்கள் என்ற யோசனையையும் அதே பதிப்பு கொண்டுவந்தது. ஸ்பெயினைச் சேர்ந்த பாப்லோ கலிந்தோ சல்காதோவின் பங்கு இதில் பெரியது. 3.11 ஒரு வரிக்குள்ளேயே எந்தத் துண்டில் கோளாறு என்று அடிக்கோடிட்டுக் காட்டுகிறது. 3.12 இறக்குமதி செய்ய மறந்த தொகுதியை நினைவூட்டுகிறது.

2024 அக்டோபரில் வந்த 3.13-இன் ஒரு சேர்க்கை, பல ஆசிரியர்களின் பல மணி நேரத்தை மிச்சப்படுத்தியிருக்கும். ரேண்டம் தொகுதியைப் பழகுகிற மாணவர் தன் கோப்புக்கும் ரேண்டம் என்றே பெயர் வைப்பார். பைதான் முதலில் அந்தக் கோப்புறையைத்தான் தேடும். அதனால் உண்மையான தொகுதிக்குப் பதில் மாணவரின் கோப்பு தன்னையே இறக்குமதி செய்துகொண்டு, அப்படியொரு செயற்கூறே இல்லை என்று சாதிக்கும். டர்டில் தொகுதியில் படம் வரையும் சிறுவர்கள் தவறாமல் விழும் குழி இது. இப்போது பைதானே, உங்கள் கோப்பின் பெயர் நூலகத் தொகுதியின் பெயரோடு மோதுகிறது, மாற்றிப் பாருங்கள் என்கிறது. மாறிக்கு லிஸ்ட் என்றோ சம் என்றோ பெயர் சூட்டி மொழியின் சொந்தச் செயற்கூறை மறைத்துவிடும் தவறுக்கு மட்டும் இன்னும் இப்படிக் கனிவான செய்தி வரவில்லை.

உள்தள்ளலைப் பற்றி வேண்டிய அளவுக்கு மேலேயே எழுதப்பட்டுவிட்டது. டேபையும் இடைவெளியையும் குழப்பிக் கலந்தால் பைதான் 3 மறுத்துவிடும். நான்கு இடைவெளி என்பது 2001 முதல் வழக்கில் உள்ள பெப் 8 நடைக் கையேட்டின் பரிந்துரை. நெளிவு அடைப்புக்குறிக்காக ஏங்குபவர்கள் எதிர்கால மொழி வசதிகளைத் தரும் தொகுதியிலிருந்து அதை இறக்குமதி செய்ய முயன்று பார்க்கலாம். வாய்ப்பே இல்லை என்று பைதான் ஒரு பிழைச் செய்தியில் பதில் சொல்லும். மொழியை எழுதியவர்கள் வைத்துப்போன குறும்பு அது.

ஆக, சத்தம் போடும் பிழைகளைக் கவனிக்க மொழிக்காரர்களே இருக்கிறார்கள். பதிப்புக்குப் பதிப்பு செய்தி தெளிவாகிறது. வகுப்பறையின் நேரம் போக வேண்டியது வேறு பக்கம்.

பெயரும் பொருளும் ஒன்றல்ல என்பதிலிருந்து தொடங்கலாம். மூன்றுக்கு மூன்று கட்டமுள்ள ஓர் ஆட்டத்துக்கு, மூன்று பூச்சியங்கள் கொண்ட ஒரு பட்டியலை இன்னொரு பட்டியலுக்குள் வைத்து மூன்றால் பெருக்கி எழுதுகிறார் மாணவர். அச்சிட்டுப் பார்த்தால் அழகான கட்டம். முதல் வரிசையில் நடுக்கட்டத்தை 1 ஆக்குகிறார். மூன்று வரிசைகளிலும் நடுக்கட்டம் 1 ஆகிறது. பைதான் மூன்று பட்டியல்களை உருவாக்கவில்லை. ஒரே பட்டியலுக்கு மூன்று சுட்டிகளைக் கொடுத்திருக்கிறது. ஒரு பட்டியலை இன்னொரு மாறிக்கு 'நகல்' எடுத்ததாக நினைத்து வெறும் சமக்குறி போடும்போதும் நடப்பது இதுதான். செயற்கூறின் இயல்பு மதிப்பாக வெற்றுப் பட்டியலை வைத்தால், அந்தப் பட்டியல் ஒருமுறை மட்டுமே உருவாகி, அழைப்புக்கு அழைப்பு பழைய சரக்கைச் சுமந்துகொண்டு வரும். அனுபவசாலிகளும் இதில் அகப்பட்டுக்கொள்கிறார்கள்.

பட்டியல் = பட்டியல்.சார்ட்() என்று எழுதுவது இதற்கு உறவினர். சார்ட் முறை பட்டியலை இருந்த இடத்திலேயே அடுக்கிவிட்டு, நன் என்ற வெறுமையைத் திருப்பித் தருகிறது. அந்த வெறுமை பழைய பெயரில் போய் உட்கார, பட்டியல் காணாமல் போகிறது. பிழை அந்த வரியில் தோன்றாது. பத்து வரி தள்ளி, வெறுமைக்கு அப்படியொரு பண்பு இல்லை என்ற புகாராக வெளிப்படும். பிறந்த இடமும் வெளிப்பட்ட இடமும் வேறு. கீழிருந்து மேலே படிப்பவர்கூட இங்கே திணறுவார். எழுத்துப்பிழை கதையும் அப்படித்தான். படிக்கும் இடத்தில் பெயரைத் தவறாக எழுதினால் நேம் எரர் வரும். மதிப்பு ஏற்றும் இடத்தில் தவறாக எழுதினால் மறுபேச்சில்லாமல் புதிய மாறி ஒன்று பிறக்கும், பழையது மாறாமலேயே கிடக்கும்.

நிபந்தனைகளில் மனித மொழியின் பழக்கம் குறுக்கே வருகிறது. விடை 'ஆம்' அல்லது 'சரி' என்றால் மேலே போ என்று தமிழில் சொல்வது முழுமையான வாக்கியம். அதை அப்படியே, விடை == 'ஆம்' ஆர் 'சரி' என்று எழுதினால் பைதான் இரண்டு தனிக் கேள்விகளாக எடுத்துக்கொள்ளும். இரண்டாவது கேள்வியில் ஒப்பீடு எதுவும் இல்லை, ஒரு சரம் மட்டும் இருக்கிறது. காலியாக இல்லாத சரம் எதுவும் பைதானுக்கு உண்மை. பயனர் 'இல்லை' என்று தட்டினாலும் நிரல் மேலே போகும்.

எண்களை வரிசையாகத் தரும் ரேஞ்ச் செயற்கூறிடம் 1, 10 என்று கொடுத்தால் கிடைப்பது 1 முதல் 9 வரைதான். பூச்சியத்தில் தொடங்கி மேல்எல்லையை விட்டுவிடும் இந்த வழக்கத்துக்கு எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1982-இல் எழுதிய ஒரு சிறு குறிப்பு இன்றும் நல்ல நியாயம்: அப்படி வைத்தால் இரண்டு எல்லைகளின் வித்தியாசமே உறுப்புகளின் எண்ணிக்கை. பிரேசிலில் பிறந்த லுவா ஸ்கிரிப்ட் மொழியோ மனிதரைப் போல 1-இல் தொடங்குகிறது.

0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வருவதைக் கண்டு பைதானில் பிழை இருப்பதாக நினைப்பவர்கள் ஆண்டுதோறும் புதிதாக முளைக்கிறார்கள். பத்தில் ஒன்றை இருமத்தில் முடிவாக எழுத முடியாது, எங்காவது வெட்டியாக வேண்டும். இது 1985-இன் ஐஇஇஇ 754 தரத்தைப் பின்பற்றும் எல்லா மொழிகளுக்கும் பொது. அற்ப வித்தியாசம்தானே என்று ஒதுக்கிவிட முடியாது. 1991 பிப்ரவரி 25 அன்று சவூதி அரேபியாவின் தஹ்ரானில், அமெரிக்கப் பேட்ரியாட் ஏவுகணைத் தடுப்பமைப்பு ஒன்று சுமார் நூறு மணி நேரம் தொடர்ந்து இயங்கிக்கொண்டிருந்தது. நேரத்தைப் பத்தில் ஒரு நொடியாக எண்ணி, வெட்டப்பட்ட 0.1-ஆல் பெருக்கிவந்ததில் கடிகாரம் 0.34 நொடி பிசகியிருந்தது. பாய்ந்து வந்த ஸ்கட் ஏவுகணையை அது தவறான இடத்தில் தேடியது. 28 படையினர் இறந்தார்கள். பைதானின் முதல் பதிப்பு பொதுவெளிக்கு வந்ததும் அதே மாதம்தான் என்பது தற்செயல். பணக் கணக்கு எழுதும் மாணவருக்கு டெசிமல் தொகுதியை முதல் மாதத்திலேயே காட்டிவிடலாம். அல்லது எல்லாவற்றையும் பைசாவாக்கி முழுஎண்ணிலேயே கணக்கிடச் சொல்லலாம்.

தமிழ் எழுத்துகளைக் கையாளும்போது இந்தச் சத்தமும் மௌனமும் பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்கின்றன. முன்னும் பின்னும் ஒன்றாக வரும் சொல்லைக் கண்டுபிடிப்பது எல்லாப் புத்தகத்திலும் உள்ள பயிற்சி: சரத்தைத் திருப்பிப் போடு, பழையதோடு ஒப்பிடு. மேடம் என்ற ஆங்கிலச் சொல்லுக்குச் சரியாக வரும். 'விகடகவி' என்று கொடுத்தால் இல்லை என்கிறது. நாம் பார்ப்பது ஐந்து எழுத்து. யூனிகோடில் அது ஏழு குறியீடு. வி என்பது வ-வும் அதன் பின்னால் இகரக் குறியுமாக இரண்டு. திருப்பிப் போட்டால் குறி முன்னாலும் எழுத்து பின்னாலும் போய்விடும். 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் 5 என்று வருவதும் இதனால்தான். ஓபன்-தமிழ் போன்ற நூலகங்கள் சரத்தை முதலில் தமிழ் எழுத்துகளாகப் பிரித்துத் தருகின்றன. அந்தப் பட்டியலைத் திருப்பினால் விகடகவி விகடகவியாகவே இருக்கும். அந்த நூலகத்தில் பெரும்பங்காற்றிய முத்து அண்ணாமலைதான், தமிழிலேயே நிரல் எழுதும் எழில் மொழியை 2009-இல் வெளியிட்டவர்.

கோப்பைத் திறக்கும்போது இன்னும் வினோதம். தமிழ்க் கோப்புகள் பெரும்பாலும் யுடிஎஃப்-8 முறையில் சேமிக்கப்படுகின்றன. விண்டோஸிலுள்ள பைதான் ஏதும் சொல்லாவிட்டால், பல கணினிகளில் மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான பழைய 1252 குறியீட்டு அட்டவணையைக் கொண்டு கோப்பைப் படிக்கும். 'தமிழ்' இருக்கும் கோப்பு உடனே யூனிகோட் டிகோட் எரரோடு நின்றுவிடும். காரணம் புள்ளி. மெய்யெழுத்தின் புள்ளி யுடிஎஃப்-8-இல் மூன்று பைட்டுகளாக எழுதப்படுகிறது; அதன் கடைசி பைட் பதினாறடிமானத்தில் 8டி, அந்த அட்டவணையில் 8டி-க்கு எழுத்தே கிடையாது. ஆனால் கோப்பில் 'விகடகவி' மட்டும் இருந்தால்? புள்ளி இல்லை, அட்டவணையில் இல்லாத வேறு பைட்டும் இல்லை. பைதான் எந்த முணுமுணுப்பும் இன்றிப் படித்து, இருபத்தொரு லத்தீன் எழுத்துக் குப்பையைக் கையில் கொடுக்கும். மருந்து எளிது: திறக்கும் கட்டளையில் குறியீட்டு முறை யுடிஎஃப்-8 என்று எழுதிவிட வேண்டும். 3.15 பதிப்பு முதல் அதுவே இயல்பாக இருக்கும் என்று முடிவாகியிருக்கிறது.

கொகரத்தில் இன்னொரு மறைகண்ணி இருக்கிறது. யூனிகோடில் 'கொ' என்பதை ககரமும் ஒரே ஒகரக் குறியுமாகவும் எழுதலாம். ககரம், ஒற்றைக்கொம்பு, கால் என்று மூன்றாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. பைதான் இரண்டும் சமமல்ல என்று சொல்லும். பெயர்ப் பட்டியலில் ஒரே கொடிமலர் இருமுறை வந்தால் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். யூனிகோட்டேட்டா தொகுதியால் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகு ஒப்பிட வேண்டும். அகரவரிசையும் பைதானிடம் கேட்டால் கிடைக்காது. யூனிகோடில் னகரம் நகரத்துக்கு அடுத்து, பகரத்துக்கு முன்னால் இருப்பதால், அப்பாவுக்கு முன் அன்பு வந்து நிற்கும்.

பைதானுக்கு வெளியே போனால் மௌனத்தின் விலை ஏறுகிறது. லினக்ஸின் ஷெல் ஸ்கிரிப்டில் மதிப்பே ஏற்றாத மாறியைப் பயன்படுத்தினால் பிழை வராது. அந்த இடத்தில் வெற்றுச் சரம் நிற்கும். 2015 ஜனவரியில், லினக்ஸுக்கான ஸ்டீம் விளையாட்டு மென்பொருளின் ஸ்கிரிப்ட் ஒன்றில் இதே வகை மௌனம் வெளிப்பட்டது. ஸ்டீமின் கோப்புறையை அழிக்க எழுதப்பட்ட கட்டளையில் கோப்புறையின் பெயர் ஒரு மாறியில் இருந்தது. பயனர் கோப்புறையை இடம் மாற்றியிருந்த சில சூழல்களில் அந்த மாறி காலியானது. கட்டளை கணினியின் வேர்க் கோப்புறையிலிருந்து அனைத்தையும் அழிக்கக் கிளம்பியது. அந்த வரிக்கு மேலே, இது பயமாக இருக்கிறது என்று எழுதியவரே ஒரு குறிப்பு போட்டிருந்தார். ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் ஒரு சின்னக் கட்டளை சேர்த்தால், மதிப்பே ஏற்றாத மாறியைக் கண்டதும் ஷெல் நின்றுவிடும்; வெற்றுச் சரம் ஏற்றப்பட்ட மாறியை மட்டும் அதுவும் கண்டுகொள்ளாது.

சத்தம் போடும் பிழையை மாணவர்களே வாயடைத்துவிடுவதும் உண்டு. டிரை, எக்செப்ட் கற்ற புதிதில், எந்தப் பிழை வந்தாலும் கண்டுகொள்ளாமல் மேலே போ என்று நிரலைச் சுற்றி ஒரு வேலி போட்டுவிடுகிறார்கள். சிவப்பு எழுத்து மறைந்துவிடும். கோப்பு திறக்காமல் போனதும், எண் படிக்காமல் விட்டதும், நூறு வரிகளில் பாதி விடுபட்டதும் அதோடு மறைந்துவிடும். பிடிக்க வேண்டிய பிழையின் பெயரைச் சொல்லாமல் எக்செப்ட் எழுதக் கூடாது என்பதை உள்தள்ளலுக்குக் கொடுக்கும் அழுத்தத்தோடு சொல்லிக்கொடுக்க வேண்டும்.

மௌனப் பிழைகளுக்கு என்ன செய்வது? மதிப்பை அச்சிடும்போது ரெப்ர் வடிவத்தில் அச்சிடுவது முதல் படி. அப்போது 35 என்ற எண்ணும் '35' என்ற சரமும் வேறுவேறாகத் தெரியும், கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் இடைவெளியும் தெரியும். பிலிப் குவோ 2010-இல் உருவாக்கிய பைதான் டியூட்டர், ஒவ்வொரு வரிக்கும் பெயர்களிலிருந்து பொருள்களுக்கு அம்புக்குறி வரைந்து காட்டுகிறது. ஒரே பட்டியலை மூன்று அம்புகள் சுட்டுவதை ஒருமுறை கண்ணால் பார்த்தவருக்கு மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை. எஸ்டோனியாவின் டார்ட்டு பல்கலைக்கழகத்தில் உருவான தானி என்ற எளிய எழுதுகளம் இதைப் போன்ற வசதியைக் கணினிக்குள்ளேயே தருகிறது. ராஸ்பெரி பை கணினிகளோடு அது வருகிறது. பிரிட்டனில் சூ சென்டன்ஸ் குழுவினர் பரப்பிய கற்பித்தல் முறையில், எந்த நிரலையும் ஓடவிடும் முன் என்ன விடை வரும் என்று மாணவர் எழுதிவைக்க வேண்டும். வந்த விடை எழுதியதோடு பொருந்தாதபோது, மௌனப் பிழை முதன்முறையாகக் கண்ணில் படுகிறது.

2022 இறுதியில் சாட்ஜிபிடி வந்த பிறகு, பிழைச் செய்தியை நகலெடுத்து அதனிடம் ஒட்டுவது மாணவர்களின் வழக்கமாகிவிட்டது. சத்தம் போடும் பிழைகளுக்கு அது பெரும்பாலும் சரியாகவே உதவுகிறது. ஆங்கிலம் தடுமாறுபவருக்குத் தமிழிலேயே விளக்குகிறது, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் 98, 7, 35, 100 என்ற விடையில் நகலெடுத்து ஒட்டச் செய்தி எதுவும் இல்லை.

வகை அறிவிப்புகள் 2015-இல் வந்த 3.5 முதல் பைதானில் விருப்பத் தேர்வாக உள்ளன. மைபை போன்ற சோதிப்பான்கள் அவற்றைக் கொண்டு, எண் வேண்டிய இடத்தில் சரம் வருவதையும், சார்ட் தரும் வெறுமையைப் பட்டியலாக எடுத்துக்கொள்வதையும் நிரல் ஓடும் முன்பே பிடித்துவிடும். சி++ கம்பைலர் பார்த்துவந்த வேலையில் ஒரு பகுதி இப்படித் திரும்பி வருகிறது. ஆனால் கட்டத்தின் மூன்று வரிசைகளும் ஒரே பட்டியல் என்பதையோ, 'கொ' இருவகையில் இருப்பதையோ மைபை கண்டுகொள்ளாது. அதற்கு அசர்ட் இருக்கிறது: இந்த இடத்தில் இது உண்மையாக இருக்க வேண்டும் என்று நிரலுக்குள்ளேயே ஒரே வரியில் எழுதிவைக்கும் கட்டளை. உண்மையாக இல்லாவிட்டால் நிரல் சத்தம் போட்டு நின்றுவிடும். பல தொடக்கப் புத்தகங்களில் அது கடைசி அத்தியாயங்களில்தான் வருகிறது; சிலவற்றில் வருவதே இல்லை.